வாசகர் கேள்வி – பதில்: சாமுவேல் பட்லரின் இத்தாலி

நாவலாசிரியர், ஓவியர், இசையும் எழுதியவர் என்று மூன்று துறைகளில் இயங்கிய ஆங்கிலேயர் சாமுவேல் பட்லர் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதப் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நூலகப் பட்டியலில் ‘சாமுவேல் பட்லர்’ என்று தேடினால் மூன்று பேர் வருகிறார்கள். இத்தாலியோடு தொடர்புடையவர் யார்? அந்தத் தொடர்பு எப்படி வந்தது?
— வாசகி, தஞ்சாவூர்

பிறந்த ஆண்டைப் பார்த்தால் குழப்பம் தீரும். 1613-இல் பிறந்தவர் அங்கதக் கவிஞர். 1774-இல் பிறந்தவர் ஷ்ரூஸ்பரி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து பிஷப் ஆனவர், நம்மவருடைய தாத்தா. 1835 டிசம்பர் 4-ஆம் தேதி, நாட்டிங்காம்ஷயரில் லாங்கர் என்ற கிராமத்துப் பாதிரியார் வீட்டில் பிறந்தவரைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

1843-இல், அவருக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, குடும்பம் முழுவதும் இத்தாலிக்குப் போனது. குதிரை வண்டியில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோம், நேப்பிள்ஸ் வரை சென்ற நீண்ட பயணம் அது. பத்தாண்டு கழித்து இன்னொரு முறையும் போனார்கள். வீட்டில் கண்டிப்பு அதிகம். தந்தை பிரம்பும் லத்தீன் இலக்கணமுமாக வளர்த்தார். அந்தப் பிள்ளைக்கு இத்தாலி என்றால் மூச்சு விடக் கிடைத்த இடம். பிற்பாடு அதைத் தன் இரண்டாவது தாய்நாடு என்றே கருதினார்.

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, பாதிரியாராக மாட்டேன் என்று தந்தையோடு முறித்துக்கொண்டு 1859-இல் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். கேன்டர்பரி மலைப்பகுதியில் ஆட்டுப் பண்ணை வைத்தார். அந்தக் காட்டுக் குடிசைக்கும் மாட்டு வண்டியில் ஒரு பியானோவை ஏற்றிச் சென்றார். பண்ணையை விற்று, போட்ட முதலீட்டை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு 1864-இல் லண்டன் திரும்பி, கிளிஃபோர்ட்ஸ் இன் 15-ஆம் எண்ணில் குடியேறினார். சாகும்வரை அதே அறைகள்தான். முதலில் ஓவியம் கற்றார், பிறகுதான் நாவல். விடுமுறை வந்தால் பெரும்பாலும் ஆல்ப்ஸுக்குத் தெற்கே போய்விடுவார்.

கேள்வி: பட்லருக்கு உயிர் ஹாண்டெலின் இசை என்கிறார்கள். ஹாண்டெல் ஜெர்மானியர் அல்லவா? இதில் இத்தாலிய இசை எங்கே வருகிறது?
— வாசகர், நாகர்கோவில்

பிறப்பால் ஜெர்மானியர், வாழ்ந்து மறைந்தது லண்டனில். ஆனால் அவருடைய இசை முதிர்ந்தது இத்தாலியில். 1706 முதல் 1710 வரை ஃபுளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், வெனிஸ் என்று சுற்றினார். அந்த நான்கு ஆண்டுகளில் வாத்தியத்தோடு பாடும் கான்டாட்டா என்ற பாடல் தொடர்களை இத்தாலிய மொழியில் எழுதிக் குவித்தார். ‘அக்ரிப்பினா’ என்ற ஓபரா வெனிஸில் 1709 டிசம்பர் 26-ஆம் தேதி அரங்கேறியது. மனிதக் குரலை மூச்சின் அளவுக்கு ஏற்றபடி நீட்டி, வளைத்து, சொல்லின் அழுத்தத்தில் இறக்கும் முறையை அங்கேதான் கற்றார். லண்டனில் ஆங்கிலச் சொற்களுக்கு மெட்டமைத்தபோதும் அந்தப் பாடம் அவரை விடவில்லை.

கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வரிசை சொல்கிறோம். முதலில், கிறிஸ்துவைப் பற்றி ஹாண்டெல் லண்டனில் எழுதிய ‘மெசையா’வில் வரும் ‘பீஃபா’ என்ற சிறிய வாத்தியப் பகுதி. 12/8 தாளம், சி மேஜர். கிறிஸ்துமஸ் காலத்தில் மலையிலிருந்து ரோமுக்கு இறங்கிவரும் இடையர்களைப் பிஃபெராரி என்பார்கள். அவர்கள் ஊதும் குழலையும் தோல்பைக் குழலையும் நினைத்து எழுதியது. கீழே ஒரே சுரம் நீண்டு நிற்பதையும், அதன்மேல் மெட்டு தாலாட்டுப்போல ஆடுவதையும் கவனியுங்கள். அடுத்து, 1708-இல் நேப்பிள்ஸில் எழுதிய ‘ஆச்சி, கலாத்தேயா எ பொலிஃபேமோ’. அதில் ஒற்றைக்கண் அரக்கன் பாடும் ‘ஃப்ரா லோம்ப்ரே’ என்ற பாடலில் ஆண் குரல் இரண்டரை ஸ்தாயி ஏறி இறங்கும். மூன்றாவதாக, 1720-இல் வெளியான, பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கு எழுதிய தொகுப்புகள் எட்டு. பட்லர் தம் பியானோவில் வாசித்தது இந்த மாதிரி உருப்படிகளைத்தான்.

பதிவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பழைய பிரம்மாண்டப் பதிவுகளில் தாளம் கனத்து, இத்தாலிய ஓட்டம் அமுங்கிவிடும். இருபது முப்பது குரல்களும், அந்தக் காலத்து வாத்தியங்களும் கொண்ட பதிவை எடுத்தால் நடனத்தின் அசைவு தெரியும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பட்லர் காலத்து இங்கிலாந்தில் கேட்கக் கிடைத்தது பெரும்பாலும் அந்தப் பிரம்மாண்டப் பாணிதான். அதற்குள்ளிருந்தே இந்த மென்மையை அவர் பிடித்துக்கொண்டார் என்பது அவருடைய காதுக்குப் பெருமை.

கேள்வி: அவரே இசை எழுதியிருக்கிறாராமே, தரம் எப்படி?
— வாசகர், கோயம்புத்தூர்

நண்பர் ஹென்றி ஃபெஸ்டிங் ஜோன்ஸுடன் சேர்ந்து எழுதினார். 1885-இல் பியானோவுக்கான தொகுப்பு: கவோட், மினுவெட் என்ற பழைய நடன வடிவங்களும், ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்தும் ஃபியூக் வடிவமும். 1888-இல் ‘நார்சிசஸ்’ என்ற கான்டாட்டா. ‘யுலிசிஸ்’ என்ற ஆரட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடும் பெரிய இசைக்கதை) அவர் இறந்தபின் 1904-இல் வெளிவந்தது. எல்லாமே ஹாண்டெல் பாணி. இதற்காகவே வில்லியம் ராக்ஸ்ட்ரோ என்பவரிடம் நடுவயதுக்கு மேல் கவுன்டர்பாயின்ட், அதாவது பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னும் முறை, பாடம் கேட்டார்.

நூற்றைம்பது ஆண்டு பழைய பாணியில் எழுதுவதில் வரும் சிக்கல் இங்கேயும் உண்டு. முடிப்புச் சுரங்களையும், ஒரே சொற்றொடரைப் படிப்படியாக மேலேற்றும் உத்தியையும் எடுத்துக்கொள்ளலாம். எதிர்பாராத இடத்தில் மெட்டைத் திருப்பும் துணிச்சலை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் தனி வாத்திய உருப்படிகள் பல இடங்களில் பயிற்சிப் பாடம்போல ஒலிக்கின்றன. ‘நார்சிசஸ்’ அப்படியல்ல. பங்குச் சந்தையில் பணத்தை இழக்கும் இடையர்களின் கதை அது. அரசுக் கடன் பத்திரத்தில் மூன்று சதவீத வட்டி வாங்கி நிம்மதியாக வாழ்பவனே பாக்கியவான் என்று கோரஸ் பாடுகிறது, ஹாண்டெலின் முழுக் கம்பீரத்தோடு. இசை கனமாக இருக்க இருக்க நகைச்சுவை கூடுகிறது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் உண்மையான வலியும் இருந்தது. நியூசிலாந்தில் சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை 1870-களில் கனடாவில் ஒரு தோல் பதனிடும் சாறு தயாரிக்கும் நிறுவனத்தில் போட்டு இழந்தவர் அவர்.

கேள்வி: ஊர் ஊராகப் போய்க் கோட்டோவியம் வரைபவன் நான். பட்லர் எப்படி வரைந்தார்? அவரிடமிருந்து இன்று எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?
— வாசகர், கும்பகோணம்

நிறையவே இருக்கிறது. அவர் லண்டனில் ஹெதர்லி ஓவியப் பள்ளி உட்படச் சில இடங்களில் பல ஆண்டு பயின்றார். 1860-களின் இறுதியிலிருந்து 1876 வரை ராயல் அகாடமி கண்காட்சிகளில் அவர் படங்கள் தொங்கின. 1874-இல் வரைந்த ‘மிஸ்டர் ஹெதர்லிஸ் ஹாலிடே’ இன்று டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் தம் விடுமுறையிலும் வகுப்பறை எலும்புக்கூட்டை உட்கார்ந்து பழுதுபார்க்கும் காட்சி. பின்னணியில் உள்ள வார்ப்புச் சிலைகளும் மண்பாண்டங்களும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீட்டியவை. ஆனால் இவ்வளவு படித்தபின் அவர் வந்து சேர்ந்த முடிவு, அந்தப் படிப்பே தம் கையைக் கட்டிப்போட்டது என்பது.

1881 கடைசியில் வெளிவந்த ‘ஆல்ப்ஸ் அண்ட் சாங்சுவரீஸ்’ பயண நூலில் இத்தாலிய ஓவியத்தின் வீழ்ச்சி பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. கலைக்கழகங்கள் பெருகியதும் ஓவியம் செத்தது என்கிறார். மலைக்கோயில் சுவர்களில், நோய் தீர்ந்ததற்கும் வண்டி கவிழ்ந்து பிழைத்ததற்கும் நேர்ந்துகொண்டு மாட்டிய சின்னச் சின்னப் பலகைப் படங்களைக் காட்டி, உயிர் இங்கேதான் மிச்சமிருக்கிறது என்கிறார். அதற்கு மருந்தும் எழுதித் தருகிறார். வரைய ஆசையுள்ள ஐந்தாறு இளைஞர்கள் ஒன்று சேரட்டும். 1510-ஆம் ஆண்டு வரை வரைந்த படங்களை மட்டும் அவர்கள் பார்க்கட்டும். அதோடு நேர்த்திக்கடன் படங்களையும் வேடிக்கைப் பத்திரிகைகளையும் பார்க்கலாம். வேறு உதவி எதுவும் வேண்டாம். தங்களுக்குப் பிடித்ததை மட்டும் வரையட்டும், யாரையும் திருப்திப்படுத்த முயலக் கூடாது. அப்படி விட்டால் ஐம்பது ஆண்டில் பழைய மேன்மை புதிய வெகுளித்தனத்தோடு திரும்பும் என்று நம்பினார். 1510 என்ற எல்லை கொஞ்சம் பிடிவாதமானதுதான். ஆனால் ஐந்தாறு பேர், குறைந்த முன்மாதிரிகள், நீண்ட காலம் என்ற கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

களத்தில் செய்து பார்க்க வேண்டியது இது. இடத்துக்குப் போனதும் பென்சிலை எடுக்காமல் சில நிமிடம் பாருங்கள். கண் முதலில் எங்கே போனதோ அதை முதலில் தாளில் வையுங்கள்; தொலைந்தால் வருத்தப்படுவீர்கள் என்று தோன்றுவது அடுத்தது. சட்டகத்தின் நான்கு மூலையையும் நிரப்பும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், நேரம் போதாவிட்டால் விட்டுவிடுங்கள். கையில் வராததை இன்னொருவரிடம் கொடுப்பதிலும் தவறில்லை. ‘ஆல்ப்ஸ்’ நூலின் பல படங்களில் மனித உருவங்களைப் போட்டுக் கொடுத்தவர் நண்பர் சார்லஸ் கோகின். பட்லர் அதை மறைக்கவில்லை.

கருவியை நம்பிக் கெடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1806-இல் வொல்லஸ்டன் காப்புரிமை பெற்ற காமிரா லூசிடா என்ற கருவியைப் பட்லரும் பயன்படுத்திப் பார்த்தார். கம்பியின் நுனியில் ஒரு சிறு பட்டகம். கண்மணியின் பாதி பட்டகத்திலும் பாதி தாளிலும் படும்படி குனிந்தால் காட்சி தாளின்மேல் விழுந்ததுபோலத் தெரியும். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. தலை அரை அங்குலம் அசைந்தாலும் காட்சி நகர்ந்துவிடும். தாளில் வெயில் அடித்தால் காட்சி மங்கும். காட்சி பளிச்சென்றிருந்தால் பென்சில் முனை தெரியாது. மலை தொலைவில், தாள் கைக்கெட்டும் தூரத்தில் என்பதால் இரண்டும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய ஒரு லென்ஸ் வேண்டும். அகன்ற காட்சியை எடுத்தால் ஓரங்கள் இழுபடும். ஆகவே நடுப்பகுதியில் நான்கைந்து புள்ளிகளைக் குறித்துக்கொள்ள மட்டும் பயன்படுத்தி, மீதியைக் கண்ணால் பார்த்து வரையுங்கள். முழுப் படத்தையும் அதில் பிரதி எடுத்தால் கோடு தயங்கித் தயங்கி, செத்த கோடாகவே விழும்.

கேள்வி: பட்லர் கொண்டாடிய வராலோ மலையில் அப்படி என்ன இருக்கிறது? போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகி, சென்னை

வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்டில், செசியா ஆற்றங்கரையில் உள்ள ஊர் வராலோ. எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்காக அதை இங்கேயே கட்டிவிடுவது என்று பெர்னார்தினோ காய்மி என்ற பிரான்சிஸ்கன் துறவி 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வேலை அது. நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றாலயங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கிறிஸ்துவின் வாழ்க்கையிலிருந்து ஒரு காட்சி, ஆளுயரச் சிலைகளாக. 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஒன்பது ‘சாக்ரோ மோன்டே’க்களில் (புனித மலைகளில்) இதுவே பழமையானது.

சிலைகளில் ஆரம்பகாலத்தவை மரம்; பிறகு பெரும்பாலும் சுடுமண். நம் கோபுரச் சுதை உருவங்களைப்போல வண்ணம் பூசியவை, ஆனால் நிற்பது தரைமட்டத்தில், நம் கண்ணுக்கு நேரே. சிலவற்றுக்கு உண்மையான முடி ஒட்டியிருக்கும். பின்சுவரில் உள்ள சுவரோவியக் கூட்டம் சிலைக் கூட்டத்தோடு கலந்து, எங்கே மண் முடிந்து வண்ணம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். கல்விமான்கள் இதையெல்லாம் நாட்டுப்புற பொம்மை என்று ஒதுக்கிய காலத்தில், பட்லர் 1888-இல் ‘எக்ஸ் வோட்டோ’ என்று தனி நூலே எழுதினார். வராலோ ஊரார் அதற்கு முந்தைய ஆண்டே அவருக்கு விருந்து வைத்துக் கௌரவித்திருந்தார்கள்.

நேரம் குறைவென்றால் நான்கு இடம் போதும். 1-ஆம் எண் சிற்றாலயம்: தபக்கெத்தி என்ற சிற்பியின் ஆதாமும் ஏவாளும். 11: குழந்தைகள் படுகொலை. 36: கல்வாரி நோக்கிச் செல்லும் ஊர்வலம், இதுவும் தபக்கெத்தி, பட்லர் உச்சியில் வைத்த படைப்பு. 38: ஓவியரும் சிற்பியுமான கவுதென்சியோ ஃபெராரியின் சிலுவைக் காட்சி. இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே நுழைய முடியாது. மரத்தடுப்பில் உள்ள துளைகள் வழியே பார்க்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இருட்டுதான் தெரியும். இரு கைகளாலும் பக்கவாட்டு வெளிச்சத்தை மறைத்து, ஒரு நிமிடம் காத்திருந்தால் கண் பழகும். ஒவ்வொரு துளையும் வேறு வேறு முகங்களைக் காட்டும் என்பதால் எல்லாத் துளையிலும் பாருங்கள். படமெடுப்பதானால் லென்ஸைத் துளையோடு ஒட்டி வையுங்கள். ஃபிளாஷ் போட்டால் தடுப்பில் பட்டுத் திரும்பி வெறும் வெள்ளையாக விழும். பட்லரும் 1880-களின் இறுதியில் கேமரா பிடித்துக் கண்ணாடித் தகடுகளில் ஏராளமாகப் படமெடுத்தார். அவை கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் உள்ளன.

எந்தச் சிலை யாருடையது என்பதில் மட்டும் அவரை முழுக்க நம்ப வேண்டாம். பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றை மாற்றிவிட்டன. இன்றைய கையேட்டைப் பெயர்களுக்கும், பட்லரைப் பார்வைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஆல்ப்ஸ் அண்ட் சாங்சுவரீஸ்’ பயண நூலில் வரும் ஃபைதோ ஊருக்குப் போக ரயில் உண்டா?
— வாசகர், சிங்கப்பூர்

உண்டு. ஃபைதோ இருப்பது இத்தாலி மொழி பேசும் சுவிஸ் மாநிலமான டிச்சினோவில். ஆனால் சூரிச்சிலிருந்து மிலான் போகும் விரைவு ரயிலில் ஏறினால் 57 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய கோட்டார்டு சுரங்கத்துக்குள் புகுந்து, ஊருக்கு அடியிலேயே கடந்துவிடுவீர்கள். 1882-இல் திறந்த பழைய மலைப்பாதையில் ஓடும் ரயிலைக் கேட்டு ஏறுங்கள்; அது ஃபைதோவில் நிற்கும். அங்கிருந்து கல்பியோஞ்ஞா, ரொசூரா ஊர்களுக்கு ஏறும் பாதைகளைத்தான் பட்லர் வரைந்தார்.

கேள்வி: ஹோமரின் பெயரில் வழங்கும் கிரேக்கக் காவியமான ‘ஒடிசி’யை எழுதியது சிசிலிப் பெண் என்று அவர் சொன்னதை ஏற்கலாமா?
— வாசகி, மதுரை

அறிஞர்கள் ஏற்கவில்லை. நாங்களும் ஏற்கச் சொல்லமாட்டோம். ஆனால் அந்த வாதம் பிறந்த விதம் அழகானது. ‘யுலிசிஸ்’ ஆரட்டோரியோவுக்குச் சொற்கள் எழுதக் கிரேக்க மூலத்தை மீண்டும் திறந்தார். இசைக்காகப் படித்தவர் ஆராய்ச்சியில் விழுந்தார். 1892-இல் சிசிலியின் மேற்கு முனையில் உள்ள த்ராபனிக்குப் போய், காவிய வரிகளை நிலத்தோடு ஒப்பிட்டார். மரேத்திமோ தீவே காவிய நாயகன் யுலிசிஸின் ஊரான இத்தாக்கா, ஃபவிஞ்ஞானாவே ஆட்டுத்தீவு என்றார். துறைமுகத்துக்கு அருகில் ஒரு பாறை, கல்லாய்ச் சமைந்த கப்பல் என்று ஊரார் சொல்லும் கதையோடு நிற்பதைக் கண்டார். இது பற்றிய கட்டுரை நூல் ஒன்று 1893-இல் ஆச்சிரேயாலேயில் இத்தாலிய மொழியில் வந்தது. ஹாண்டெலின் ஆச்சி, கலாத்தேயா கதை நடக்கும் எட்னா மலையடிவாரத்து ஊர் அது! முழு நூல் 1897-இல்.

ஆசிரியர் பெண் என்பதற்கு அவர் காட்டும் சான்றுகள் சுவையானவை. வீட்டுச் சாமான், துணி, வேலைக்காரிகள் பற்றியெல்லாம் துல்லியம். கப்பல் பற்றியும் காடு பற்றியும் தடுமாற்றம். கப்பலுக்கு முன்னும் பின்னும் சுக்கான் இருப்பதுபோல வருகிறது. நின்றுகொண்டிருக்கும் மரமே நன்கு உலர்ந்த மரமாக இருக்கிறது. பருந்து பறந்துகொண்டே இரையைக் கிழிக்கிறது. பார்க்காதவர்தான் இப்படி எழுதுவார் என்கிறார். பழங்காலத்து ஆண் கவிஞன் ஒருவனும் கடலறியாதவனாக இருந்திருக்கலாமே என்ற கேள்விக்கு அவரிடம் பதில் பலமில்லை. இருந்தும் த்ராபனிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். நூலின் கையெழுத்துப் பிரதி இன்றும் அங்கே ஃபர்தெல்லியானா நூலகத்தில் இருக்கிறது. அருகிலுள்ள கலத்தஃபீமியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

கேள்வி: எந்த நூலில் தொடங்கலாம்? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகள் சரியானவையா?
— வாசகர், யாழ்ப்பாணம்

‘ஆல்ப்ஸ் அண்ட் சாங்சுவரீஸ்’ முதலில், நாவல்கள் பிறகு. வழக்கமாகச் சொல்லும் வரிசைக்கு இது நேர்மாறு. ஆனால் இத்தாலிய மலை ஊர்களை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் 1872-இல் வந்த ‘எரெவோன்’ நாவலின் கற்பனை நாடு உடனே பிடிபடும். கதாநாயகன் நியூசிலாந்து மலையைத் தாண்டி இறங்கும் கிராமங்கள் ஆல்ப்ஸிலிருந்து லொம்பார்தி சமவெளிக்கு இறங்கும் வழியில் உள்ள ஊர்களைப்போல இருப்பதாக அவனே சொல்கிறான். எல்லையில் நிற்கும் பெரிய சிலைகள் காற்றில் எழுப்பும் ஓசைக்கு ஹாண்டெலின் சுரங்களே அச்சாகியிருக்கின்றன. மூன்றாவதாக, 1873 முதல் 1884 வரை எழுதி, இறந்தபின் 1903-இல் வெளியான ‘தி வே ஆஃப் ஆல் ஃப்ளெஷ்’. கண்டிப்பான பாதிரியார் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை விடுபடும் கதை. அவனுக்கு இசைதான் முதல் சுதந்திரம்.

அவர் 1902 ஜூன் 18-ஆம் தேதி காலமானார் என்பதால் நூல்களுக்குக் காப்புரிமை இல்லை, இலவசப் பிரதிகள் சட்டப்படியானவையே. ஆனால் வெறும் எழுத்துக் கோப்பாகத் தரவிறக்கினால் படங்களும் சுரக்குறிகளும் காணாமல் போய்விடும். பயண நூலுக்கு இது பெரிய இழப்பு. பக்கங்களை அப்படியே படமாக எடுத்த பிரதியைத் தேடி எடுங்கள். ‘எரெவோன்’ 1901-இல் அவரே திருத்தி விரித்த பதிப்பிலும் உண்டு. முதல் வாசிப்புக்கு 1872 பதிப்பின் வேகம் நல்லது. ‘தி வே ஆஃப் ஆல் ஃப்ளெஷ்’ நாவலின் 1903 பதிப்பில் பதிப்பாசிரியர் கைவைத்திருக்கிறார். கையெழுத்துப் பிரதியை ஒட்டிய பதிப்பு ‘எர்னஸ்ட் பாண்டிஃபெக்ஸ்’ என்ற தலைப்பில் 1964-இல் வந்தது. அதைப் பழைய புத்தகக் கடையிலோ பல்கலைக்கழக நூலகத்திலோதான் தேட வேண்டும்.